கப்பல் துணிக்கு மஞ்சள் வைத்த கதை

வரதன் அந்தத் துணியை இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்தார். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிறவரின் முகம் அவருக்கு.

நல்ல வெள்ளைத் துணி. அப்போதுதான் மடித்து அடுக்கியது, கஞ்சி வாசனை இன்னும் போகவில்லை. அதன் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் பொட்டு இருந்தது.

“என்னம்மா கறை இது?”

என் அக்கா குனிந்து பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. வரதன் அடுத்த பீஸை எடுத்தார். அதிலும் மஞ்சள். அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை உருவினார். அதிலும் மஞ்சள்.

“எல்லாத்திலயுமா இருக்கு?”

துணி மடிக்கும் பெண்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். அவர்களுக்குத் தலைவியான பேச்சியம்மாள் மட்டும் முன்னால் வந்தாள். “ஒண்ணு விடாம வச்சிருக்கோம் சார்,” என்றாள். குரலில் பயமே இல்லை. பாராட்டை எதிர்பார்த்து நின்றாள்.

சங்கரன்கோவிலில் அது ஆடி மாதம். எழுபதுகள் முடிந்து எண்பதுகள் பிறந்த சமயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தைக் கேட்டால் மழுப்புவேன். வெளியே காற்று தகரக் கூரையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. வரதன் சென்னையில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் ஏஜெண்ட். அவர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மறுநாள் காலை அந்தத் துணி லாரியேறித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும். போனால் என் அக்காவின் தறிக்கூடம் பிழைக்கும். போகாவிட்டால் அன்று சாயங்காலமே தறிகளை விலை பேச ஆள் வருகிறது. எங்கள் நிலைமை இவ்வளவுதான்.

ரெண்டும் வராதவள்

எனக்குக் கல்லூரி வேலை கிடைத்த கதையைப் போன வாரம் படித்திருப்பீர்கள். அங்கே என் தலையில் கட்டிய பாடம் பன்னாட்டு வாணிபம். ராயகிரியையும் கரிவலம்வந்தநல்லூரையும் தாண்டி அதிகம் போயறியாத பெண்பிள்ளைகளுக்கு, கப்பலையே பார்த்தறியாத நான், இங்கிலாந்து துணி நெய்வதையும் போர்ச்சுகல் திராட்சை மது காய்ச்சுவதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். எனக்குக் கூச்சமே கிடையாது. கப்பலைப் பார்த்தவர்களெல்லாம் பொருளாதாரம் படித்தவர்களா என்ன?

ஒப்பீட்டுச் செலவுக் கோட்பாடு என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், எளிமையான சமாசாரம்தான். ஒரு நாடு இரண்டு பொருள்களையுமே இன்னொரு நாட்டைவிட நன்றாகச் செய்கிறது. அப்படியானால் மற்ற நாட்டோடு அதற்கு என்ன வியாபாரம் என்று தோன்றும். உண்டு. எதில் அதற்குக் கை மிகமிக ஓங்கியிருக்கிறதோ அதை மட்டும் செய்துவிட்டு, மற்றதை அந்தச் சோப்ளாங்கி நாட்டிடமே வாங்கிக்கொண்டால் இரண்டு பேருக்கும் லாபம்.

வகுப்பில் இதற்கு என்னையும் அக்காவையும்தான் உதாரணமாகச் சொல்வேன். அக்கா குழம்பு கூட்டினால் தெரு மணக்கும். கணக்கிலும் அவள் புலி. எனக்குச் சமையல் அறவே வராது, கணக்கு ஏதோ தட்டுத் தடுமாறி வரும். ஆகவே அக்கா சமைப்பதும் நான் கணக்கு எழுதுவதும்தான் குடும்பத்துக்கு நல்லது.

இதை நான் வீட்டிலும் சொல்லிப் பார்த்தேன்.

“அப்ப ஒனக்கு ரெண்டும் வராதுங்கதைத்தான் இங்கிலீஷ்காரன் புஸ்தகம் போட்டுச் சொல்லுதானா?” என்றாள் அக்கா.

“ஆமாக்கா. அப்பிடி இருந்தும் ஒனக்கு நான் வேணும்னு சொல்லுதாம்லா, அதைப் பாரு.”

அக்கா கரண்டியை ஓங்கினாள். நான் ஓடினேன். அந்தக் கோட்பாட்டை என்னைவிட நன்றாக நடத்திய ஆசிரியர் திருநெல்வேலிச் சீமையில் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பெரியத்தானும் பழைய கோட்பாடும்

அக்காவின் கணவர், என் அத்தான், ஒரு விஷக்காய்ச்சலில் சட்டென்று போய்விட்டார். அவர் விட்டுப்போனவை சில விசைத்தறிகளும் ஒரு தகரக் கூரையும். அக்கா மூலையில் முடங்கவில்லை. காரியம் முடிந்த கையோடு தறிக்கூடத்தைத் திறந்தாள். அத்தான் நெய்த அதே பருத்திச் சேலைகளை நெய்தாள். நான் வேலைக்குப் போய்வந்துகொண்டு அவளோடு இருந்தேன்.

சேலைச் சந்தை படுத்திருந்த காலம் அது. தறிகளில் பாதி நாள் சத்தமே இருக்காது. அத்தானின் அண்ணன், நாங்கள் பெரியத்தான் என்போம், மதுரையில் குடியிருந்தார். மாதம் ஒரு முறை வந்து ஒரே பாட்டைப் பாடுவார்.

“எம்மா, பொம்பளை ஒத்தையில தறி ஓட்டுதது நடக்குத காரியமா? வித்துத் தள்ளிட்டு எங்க வீட்டுக்கு வந்துரு. ஒனக்கு என்ன கொறை வைக்கப் போறேன்?”

கெட்ட மனிதர் அல்ல. சொன்னபடி வைத்துக் காப்பாற்றுவார். அவர் வீட்டில் அக்காவுக்குச் சோறு உண்டு, படுக்க இடம் உண்டு. ஆனால் அவளுக்கென்று ஒரு வேலை இருக்காது, அவள் பேச்சுக்கு மதிப்பிருக்காது. அடுப்படியில் மூன்றாவது ஆளாக நிற்பாள்.

பழைய காலத்து ஐரோப்பிய ராஜாக்களுக்கு ஒரு கோட்பாடு இருந்தது. ஊரில் உள்ளதையெல்லாம் வெளியே விற்க வேண்டும், வெளியிலிருந்து எதையும் வாங்கக் கூடாது, தங்கம் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்க வேண்டும். எல்லா ராஜாவும் விற்க மட்டுமே உட்கார்ந்திருந்தால் வாங்குவது யார் என்று அவர்கள் யோசிக்கவில்லை. பெரியத்தான் அந்த ஜாதி. எதைப் பார்த்தாலும் விற்றுவிடலாம் என்பார். விற்றபிறகு அக்கா என்ன செய்வாள் என்று அவரும் யோசிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வரதன் வந்தார். வெளிநாட்டில் நம்முடைய பருத்திக்கு ஒரு மோகம் பிறந்திருந்தது. மதுரைப் பக்கத்துத் தறிகளெல்லாம் ஆர்டரில் நிரம்பிவிட, மனிதர் ஊர் ஊராகத் தறி தேடிக்கொண்டு வந்தார். வெள்ளைத் துணி. கரை கூடாது, பூ கூடாது, ஒரு கோடுகூட இருக்கக் கூடாது. அங்கே போய்ச் சட்டையாகும் என்றார். அக்கா நெய்து தருகிறேன் என்றாள். பெரியத்தான் நம்பவில்லை. துணி கப்பலேறாவிட்டால் தறிகளை விற்றுவிடலாம் என்று அக்காவிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். சில வருஷம் கழித்து அந்த வெளிநாடு, இவ்வளவுதான் வரலாம் என்று துணிக்குக் கோட்டா போட்டது. எங்கள் ஊர்த் தறிகள் மறுபடி சேலைக்குத் திரும்பின. ஏன் போட்டார்கள் என்றால், நம் துணி போய் இறங்கியதில் அவர்கள் ஊர் நெசவு ஆலைகள் மூடிக்கொண்டிருந்தன. அங்கே சட்டை மலிந்தது, வாங்கியவன் சந்தோஷப்பட்டான். ஆலையில் துணி மடித்த ஒருத்தி வேலையில்லாமல் வீட்டுக்குப் போனாள். வியாபாரத்தால் மொத்தத்தில் இரண்டு நாட்டுக்கும் லாபம் என்று புத்தகம் சொல்வது சரி, அதை நான் இன்றும் அடித்துச் சொல்வேன். ஆனால் அந்த மொத்தத்தில் யாருக்கு எவ்வளவு வந்தது, யார் கையைவிட்டுப் போனது என்று கேட்காத மாணவிக்கு நான் முழு மார்க் போட்டதில்லை.

கரையில்லாத வெள்ளை

தறிக்கூடத்துக்கு வருகிறேன். வரதனின் கையில் துணி; எதிரே பேச்சியம்மாள்.

“எதுக்கும்மா மஞ்சள் வச்சீங்க?”

பேச்சியம்மாளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. புதுத் துணியில் மஞ்சள் தொட்டு வைக்காமல் உடுத்துகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. சேலைக்கு நெய்கிற இடத்தில் வைக்க வேண்டியதில்லை, வாங்கிப் போகிற வீட்டில் வைத்துக்கொள்வார்கள். இந்தத் துணி அப்படியா?

“கடல் தாண்டிப் போகுது சார். அங்கன யாரு மஞ்சள் வைப்பா? அதுலயும் கரையில்லாத வெள்ளை. கரையில்லாத வெள்ளையை மஞ்சள் படாம ஒரு மனுசன் மேல போட்டா அவன் வெளங்குவானா? பாவம், யாரு பெத்த பிள்ளையோ போடப் போறான். நம்ம கையால அவனுக்கு ஒண்ணு ஆயிரக் கூடாதுல்லா.”

சொல்லி முடித்த பிறகுதான் அவள் அக்காவைப் பார்த்தாள். பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அத்தான் போனதிலிருந்து அக்கா உடுத்துவது கரையில்லாத வெள்ளைச் சேலை.

அக்காவுக்கு ஏன் இந்த விஷயம் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. மஞ்சள் வைக்கிற காரியத்தில் அவளைக் கூப்பிட முடியாது. கூப்பிடாமல் அவள் கண்முன்னால் செய்தால் அவள் மனம் நோகும். அதனால் பெண்கள் பின்கட்டில் மஞ்சளைக் குழைத்து, அவள் இல்லாத நேரமாகப் பார்த்து, எல்லாத் துணிக்கும் வைத்து முடித்திருக்கிறார்கள். அவள்மேல் இருந்த பிரியத்தில் மறைத்தது அவள் பிழைப்புக்கே உலை வைத்துவிட்டது.

அக்கா ஒரு பீஸை எடுத்து அந்தப் பொட்டை விரலால் தடவிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“நல்ல மனசோடதான் வச்சிருக்கா,” என்றாள் வரதனிடம்.

குங்குமமும் ஆயிற்று

வரதன் பொறுமை உள்ளவர் அல்ல. சோப்புக் கட்டி கொண்டுவரச் சொன்னார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டியில் துணியின் மூலையை நனைத்து, சோப்பைப் போட்டு விறுவிறுவென்று தேய்த்தார்.

மஞ்சள் போகவில்லை. செக்கச்செவேல் என்று சிவந்தது. மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்பது பட்டணத்தில் தெரியாது போலிருக்கிறது. மனிதர் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டார்.

“நாங்க மஞ்சள் மட்டுந்தான் வச்சோம்,” என்று பேச்சியம்மாள் பின்னாலிருந்து முணுமுணுத்தாள். “குங்குமத்தை அவுக வச்சுட்டாக.”

அந்தப் பதைபதைப்பிலும் பெண்களுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும் வந்தது. வரதனுக்கு மட்டும் வரவில்லை. அவர் முகமும் அந்த மூலையைப்போலவே சிவந்தது.

“சிரிக்கிறீங்களா? இந்தச் சரக்கை எடுத்துக்க மாட்டேன். எடுத்துக்கணும்னா முதல்ல இந்தம்மாவை வேலையை விட்டு நிறுத்துங்க. அப்பத்தான் கம்பெனிக்கு நான் பதில் சொல்ல முடியும்.”

சிரிப்பு நின்றது. பேச்சியம்மாள் இளையரசனேந்தல்காரி. மழையை நம்பிய புஞ்சை பொய்த்துப்போய்ப் பிழைக்க வந்தவள். வேலை போனால் திரும்பிப் போக அவளுக்கு ஒன்றும் இல்லை.

அக்கா யோசிக்கவில்லை.

“பேச்சியை நிறுத்தணும்னா துணியை இங்கனயே விட்டுட்டுப் போயிருங்க சார்.”

சாயங்காலம் பெரியத்தான் வருகிறார். தறி வாங்குகிற ஆளையும் கூட்டிக்கொண்டு வருகிறார்.

யாருக்கு அவசரம்?

அப்போது எனக்கு என் பாடம் கைகொடுத்தது. பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். இரண்டு நாடுகள் வியாபாரம் செய்தால் இருவருக்கும் லாபம், சரி. அந்த லாபத்தில் பெரிய பங்கு யாருக்கு? யாருக்குச் சரக்கு அதிக அவசரமோ அவர்கள் இறங்கி வருவார்கள், மற்றவருக்குப் பங்கு கூடும். பாடப்புத்தகம் இதற்கு வாணிப வீதம் என்று பெயர் வைத்துப் பல பக்கம் எழுதும். காய்கறிக் கடையில் நின்ற எவருக்கும் இது தெரியும்.

நாங்கள் எங்கள் அவசரத்தை மட்டுமே நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தோம். வரதனின் அவசரத்தை யாரும் நினைக்கவில்லை.

“சார், கப்பல் என்னைக்குக் கெளம்புது?” என்று கேட்டேன்.

“நாளன்னைக்கு.”

“அதுக்குள்ள இம்புட்டு வெள்ளைத் துணி வேற எங்கன கெடைக்கும்?”

அவர் சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

“கப்பல்ல எடம் பிடிச்சு வச்சிருப்பீங்க. வெறுங்கையோட போய் நின்னா கம்பெனி ஒங்களை என்ன கேக்கும்? மஞ்சளை வெயில்ல போட்டா சாயங்காலத்துக்குள்ள போயிரும். அது ஒங்களுக்குத் தெரியலைன்னாலும் ஒங்க வீட்டு அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

வரதன் கண்ணாடியைக் கழற்றி, அந்த மஞ்சள் வைத்த துணியிலேயே துடைத்து மாட்டிக்கொண்டார்.

“ஒரு பீஸ்ல மஞ்சள் தெரிஞ்சாலும் அத்தனையும் ரிஜெக்ட்,” என்றார். பேச்சியம்மாளைப் பற்றி மறுபடி அவர் வாயைத் திறக்கவில்லை.

எங்களிடம் ஏராளமாக இருந்தது

எந்த நாட்டில் எது ஏராளமோ அதை வைத்துச் செய்கிற பொருளை அந்த நாடு ஏற்றுமதி செய்யும் என்று இன்னொரு கோட்பாடு உண்டு. நிலம், உழைப்பு, மூலதனம் என்று மூன்றைச் சொல்வார்கள். வெயிலைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். சங்கரன்கோவில் பக்கம் அவர்கள் வந்திருக்க மாட்டார்கள்.

நெசவுத் தெருவை ஒட்டிப் பாவடி ஒன்று இருந்தது. பாவு நூலை நீளமாக நீட்டிக் கஞ்சி போடுகிற வெட்டவெளி. கைத்தறிகள் குறைந்த பிறகு அது பெரும்பாலும் சும்மா கிடந்தது. அங்கே துணிகளைக் கொண்டுபோய் மூலையைத் தண்ணீரில் நனைத்து, மஞ்சள் மேலே தெரிய விரித்தோம். வெயிலுக்குப் பஞ்சமில்லை. பாழாய்ப்போன ஆடிக் காற்றுதான் சத்துரு. கல் வைத்தால் கல்லோடு புரட்டியது. ஒரு துணி எழும்பிப் பக்கத்துப் புளியமரத்தில் போய் உட்கார்ந்தது. தெருவில் யார் யாரோ ஓடிவந்து ஆளுக்கு ஒரு ஓரத்தை அழுத்திக்கொண்டு குத்தவைத்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வரதனும் ஷூவைக் கழற்றிவிட்டு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்தார். உச்சி வெயிலில் அவர் வழுக்கை மினுமினுத்தது.

“இதைப் போட்டுக்கப் போறவனுக்கு இதெல்லாம் தெரியவா போகுது?” என்று அலுத்துக்கொண்டார்.

“தெரிய வேண்டாம். நல்லாயிருந்தாப் போதும்,” என்றாள் பேச்சியம்மாள்.

பொழுது சாயும்போது பெரியத்தான் வந்து சேர்ந்தார். தறி வாங்குகிற ஆள் கக்கத்தில் பையோடு பின்னால் வந்தார். பாவடி முழுக்க வெள்ளைத் துணி கிடப்பதையும் தம்பி பெண்டாட்டி வெயிலில் கருகி நிற்பதையும் பார்த்துவிட்டு, “நாந்தான் அப்பவே சொன்னேன்லா,” என்று ஆரம்பித்தார்.

“பெரியத்தான், அந்த ஓரத்தைப் பிடிங்க, பறக்குது!” என்று அக்கா கத்தினாள்.

அவள் அவரிடம் சத்தம் போட்டுப் பேசியதே இல்லை. அவர் அரண்டுபோய்த் துணியைப் பிடித்தார். தோள் துண்டு பறந்து போயிற்று, அதைக்கூடக் கவனிக்கவில்லை.

பேலில் எழுதிய பெயர்

வெளிச்சம் மங்குவதற்குள் வரதன் ஒவ்வொரு பீஸாகக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்தார். அக்கா பக்கத்தில் நின்றாள். அவர் பார்த்து வைத்ததை வாங்கி வாங்கி மடித்தாள். கடைசிப் பீஸையும் பார்த்துவிட்டு, “கட்டுங்க,” என்றார் வரதன். ஒரே வார்த்தை. பேச்சியம்மாள் அதற்குள் சாக்கை விரித்துவிட்டாள்.

துணிகளை அமுக்கிச் சாக்கு வைத்துத் தைத்த மூட்டை, அதாவது பேல், தயாரானது. மை டப்பாவும் பிரஷ்ஷுமாக வரதனின் ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு பேலிலும் சரக்குக் கொடுத்தவர் பெயர் இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் ஏற்பாடு.

“பேர் என்னன்னு போடட்டும்?” என்று வரதன் கேட்டார்.

“ஆறுமுகம்,” என்றார் பெரியத்தான். அவர் தம்பியின் பெயர். கூடத்து வாசல் போர்டிலும் அதுதான் இருந்தது. அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அப்படிச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அவுக இருந்தப்ப சேலைதான் நெய்தோம். இது நான் நெய்தது. சண்முகவடிவுன்னு எழுதுங்க.”

அந்தப் பெயரைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். எனக்கு அவள் அக்கா. பேச்சியம்மாளுக்கு முதலாளியம்மா. பெரியத்தானுக்குத் தம்பி பெண்டாட்டி. தெருவுக்குத் தறிக்கார வீட்டம்மா. எங்கள் அம்மா போன பிறகு அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்தது, நின்ற இடத்தில் நின்று அழுதேன்.

பெரியத்தான் மை டப்பாவை எழுதுகிறவர் பக்கமாக நகர்த்தி வைத்தார். பிறகு பை வைத்திருந்த ஆளிடம் திரும்பி, “நீரு கெளம்பும் வே. தறி விக்கலை,” என்றார்.

நான் ஒரு துண்டுத் தாளில் அக்காவின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். எழுதுகிறவர் அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

“ரொம்ப நீளமா இருக்கேம்மா,” என்றார் வரதன். “எஸ்.வி.ன்னு சுருக்கமாப் போட்டுடலாமா?”

அக்கா பேலை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள்.

“எடம் பத்தலைன்னா அடுத்த பக்கம் திருப்பி எழுதச் சொல்லுங்க சார்,” என்றாள். “சுருக்க வேண்டாம்.”